முதுகை 'நேராக்கும்' கைகள்: வாசகர் கேள்வி – பதில்

முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் உந்திச் சரிசெய்யும் கைரோபிராக்டிக் சிகிச்சை பற்றி வந்த கடிதங்களில் பாதி "போகலாமா?" என்று கேட்டன, மீதி "போனேன், இப்படிச் சொன்னார்கள், சரியா?" என்று கேட்டன. இரண்டாவது வகைக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: குறுக்கு வலிக்குக் கோவையில் ஒருவர் என்னைப் பக்கவாட்டில் படுக்கவைத்து 'மடக்'கென்று திருப்பினார். அதே வலிக்குப் பெங்களூரில் இன்னொருவர், பேனா மாதிரி ஒரு கருவியால் 'டக் டக்' என்று தட்டி அனுப்பிவிட்டார். இதில் எது அசல்? (ஈரோடு)

இரண்டும் அசல்தான். கைரோபிராக்டிக் என்பது ஒரு தொழிலின் பெயர். அதற்குள் பல முறைகள் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவையும் அவற்றில் உண்டு.

கோவையில் நடந்தது 'டைவர்சிஃபைட்'. உலகெங்கும் அதிகம் கையாளப்படுவது இதுதான். மேல் காலை மடக்கி, தோளைப் பின்பக்கமும் இடுப்பை முன்பக்கமும் திருப்பி, மூட்டு 'இதற்கு மேல் வராது' என்னும் எல்லைவரை மெதுவாகக் கொண்டுபோவார்கள். அங்கிருந்து மிகச் சிறிய தூரத்துக்கு, மிக வேகமாக ஓர் உந்தல். கால் விநாடிகூட ஆகாது. இதில் வேலை செய்வது வேகம். பலம் அதிகம் தேவையில்லை. பழகாதவர்கள் தவறுவதும் இங்கேதான். எல்லைவரை கொண்டுபோகாமல் தொளதொளவென்று இருக்கும்போதே தள்ளினால், வேகம் போதாமல் பலத்தைக் கூட்டுவார்கள். உடனே உங்கள் தசை பயந்து இறுகும், உந்தல் விலாவிலோ இடுப்பெலும்பிலோ போய் முடியும். மூச்சை வெளியே விடச் சொல்லி, விட்டு முடியும்போது உந்துபவர் வேலை தெரிந்தவர்.

பெங்களூர் கருவியின் பெயர் ஆக்டிவேட்டர். உள்ளே ஒரு ஸ்பிரிங், முனையில் ரப்பர். 1960களில் அமெரிக்காவில் ஆர்லன் ஃபூர், வாரன் லீ இருவரும் உருவாக்கிய முறை. தட்டல் சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடும். உடம்பு இறுகுவதற்கு நேரமே இருக்காது. எங்கே தட்டுவது என்பதைக் குப்புறப் படுக்கவைத்துக் கால் நீளத்தை ஒப்பிட்டு முடிவு செய்கிறார்கள். அந்த ஒப்பீடுதான் இதன் பலவீனம். காரணம் கீழே திருப்பூர்க் கேள்வியில்.

இன்னும் சிலவற்றை நீங்கள் சந்திக்கலாம். தாம்சன் முறையில் மேசையின் ஒரு பகுதி ஒரு செ.மீ. அளவுக்குத் 'தடால்' என்று இறங்கும். சத்தம் மேசையினுடையது, உங்கள் எலும்பினுடையது இல்லை. கான்ஸ்டெட் முறை விஸ்கான்சின் மாநிலத்தின் மவுண்ட் ஹோரப் என்னும் சிற்றூரில் கிளாரன்ஸ் கான்ஸ்டெட் வளர்த்தது. தலை முதல் இடுப்புவரை 14 x 36 அங்குல ஒரே எக்ஸ்ரே, முதுகின் இரு பக்க வெப்பத்தையும் ஒப்பிடும் கருவி, பிறகு விரல்தடவிப் பார்த்தல் என்று சோதனைகள் நீளும். எஸ்.ஓ.டி. முறையில் இடுப்புக்கடியில் ஆப்புக் கட்டைகளைச் செருகிவிட்டுக் காத்திருப்பார்கள், அவ்வளவுதான். நியூக்கா முறையினர் கழுத்தின் முதல் எலும்பான அட்லஸை மட்டும், சத்தமே வராதபடி லேசாக அழுத்துவார்கள்.

கைக்கும் கருவிக்கும் நேரடிப் போட்டி 2015ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் நடந்தது. குறுக்கு வலியுள்ள 107 பேர். நான்கு வாரத்தில் கையால் செய்தது முந்தியது. ஆறு மாதத்தில் வித்தியாசம் இல்லை. உங்களுக்கு முறுக்கிவிட்டால் பயம் என்றால் கருவியோ இறங்கு மேசையோ கேளுங்கள். பயந்து இறுகிய முதுகில் எந்த உந்தலும் சரியாக விழாது.

கேள்வி: "எல்4 எலும்பு (கீழ்முதுகின் நான்காவது எலும்பு) விலகியிருக்கிறது" என்று சொல்லி சொடுக்கினார்கள். வலி போய்விட்டது. அப்படியென்றால் எலும்பு உட்கார்ந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? (சேலம்)

வலி போனது உண்மை. எலும்பு உட்கார்ந்தது என்பது கதை.

1998ல் சுவீடனில் இதை அளந்தே பார்த்தார்கள். இடுப்பெலும்பும் திரிகமும் (முதுகெலும்பின் அடியிலுள்ள முக்கோண எலும்பு) சேரும் மூட்டில் கோளாறு என்று கண்ட 10 பேருக்கு, எலும்புக்குள் நுண்ணிய உலோக மணிகளைப் பதித்து, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இரு கோணத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மில்லிமீட்டருக்கும் குறைவான நகர்வையும் பிடிக்கும் முறை அது. கையால் செய்த சோதனைகள் 'சரியாகிவிட்டது' என்றன. மணிகளோ ஒன்றுமே நகரவில்லை என்றன.

அப்படியானால் நிவாரணம் எங்கிருந்து வருகிறது? மூட்டைச் சட்டென்று இழுக்கும்போது அதைச் சுற்றியுள்ள தசையிலும் உறையிலும் உள்ள நரம்பு முனைகள் ஒரே நேரத்தில் உசுப்பப்படுகின்றன. இறுகிய தசை சற்று நேரம் தளர்கிறது, வலி உணர்வு மட்டுப்படுகிறது, குனிய முடிகிறது. குனிய முடிந்தவர் நடக்கிறார். நடந்தவருக்கு வலி இன்னும் குறைகிறது.

சத்தத்துக்கு வருவோம். நெட்டி முறிக்கும்போது விரலில் வருவதும் இதுவும் ஒன்றேதான்: மூட்டின் இரு பரப்புகளும் சட்டென்று பிரியும்போது உள்ளிருக்கும் திரவத்தில் வாயு இடைவெளி உண்டாகிறது. 2015ல் கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகம் இதை எம்.ஆர்.ஐ. படமாகவே எடுத்துவிட்டது. ஒருமுறை சொடுக்கிய விரல் சுமார் இருபது நிமிடத்துக்கு மறுபடி சொடுக்காததும் இதனால்தான். சத்தம் குறிவைத்த மூட்டில்தான் வருகிறதா என்று ஒலி உணரிகளை வைத்துக் கனடாவில் சோதித்தபோது, கீழ்முதுகில் ஏறத்தாழ பாதி உந்தல்கள்தான் பொருந்தின. எனவே "எல்4ஐச் சரியாகப் பிடித்தேன்" என்பதைப் பெருந்தன்மையோடு கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கழுத்து எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "வளைவு போய்விட்டது, கழுத்து நேராகிவிட்டது, பிற்காலத்தில் நரம்பு பாதிக்கும்" என்கிறார்கள். 36 அமர்வு. மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடியாம். கட்டலாமா? (தாம்பரம்)

கட்டாதீர்கள்.

எக்ஸ்ரே எடுக்கும்போது மோவாயை ஓர் அங்குலம் போலத் தாழ்த்தினாலே வளைவு பெருமளவு மறைந்துவிடும். வலியால் தசை பிடித்திருக்கும் நாளில் எடுத்தாலும் அப்படியே. கழுத்து வலியே இல்லாத ஏராளமானோருக்கு நேரான கழுத்து இருக்கிறது. சிகிச்சைக்குப் பிறகு 'வளைவு திரும்பிவிட்டது' என்று காட்டும் இரண்டாவது படத்தில், தலை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மேல்வாயும் கண்குழியும் முதல் படத்தில் இருந்த அதே கோணத்தில் இல்லையென்றால் அந்த ஒப்பீடு செல்லாது.

வளைவை அளந்து அதையே இலக்காக வைக்கும் ஒரு பிரிவு கைரோபிராக்டிக்கில் உண்மையில் உண்டு. 1980ல் டொனால்ட் ஹாரிசன் தொடங்கியது. கண்ணாடிபோல் எதிர்ப்புறம் திரும்பிய நிலையில் உடற்பயிற்சி, கழுத்துக்குப் பின்னால் பட்டை மாட்டி நிமிடக்கணக்கில் இழுவை என்பது அவர்கள் வழி. சில மாதங்களில் சில டிகிரி மாற்றம் காட்டியிருக்கிறார்கள். அந்த டிகிரிகளால்தான் வலி குறைந்ததா என்பதில் அதே தொழிலுக்குள்ளேயே சண்டை ஓயவில்லை. எங்கள் தீர்ப்பு: வலிக்கு மருத்துவம் செய்யுங்கள், கோணத்துக்கு வேண்டாம்.

இன்னொன்று. அமெரிக்கக் கைரோபிராக்டிக் சங்கமே 2017ல் சொன்னது: ஆபத்து அறிகுறி எதுவும் இல்லாத புதிய குறுக்கு வலிக்கு முதல் ஆறு வாரம் படம் எடுக்கத் தேவையில்லை. கீழ்முதுகு எக்ஸ்ரே ஒரு தொகுப்பின் கதிர்வீச்சு, மார்பு எக்ஸ்ரேயைப்போலப் பத்து மடங்குக்கு மேல்.

நியாயமான ஏற்பாடு இப்படி இருக்கும்: இரண்டு மூன்று வாரத்தில் நான்கு முதல் ஆறு அமர்வு. முதல் நாளே ஓர் அளவுகோலைக் குறித்துக்கொள்ளுங்கள். தலையைத் திருப்பி வண்டியைப் பின்னால் எடுக்க முடிகிறதா, எத்தனை நிமிடம் உட்கார முடிகிறது, இரவு எத்தனை முறை விழிப்பு என்பது போல. ஆறாவது அமர்வில் அதில் தெளிவான மாற்றம் இல்லையென்றால் ஏழாவது தேவையில்லை.

கேள்வி: எங்கட கைரோபிராக்டர், வலி இல்லாட்டியும் கிழமைக்கு ஒருக்கா வரச் சொல்றார். 'சப்ளக்சேஷன்' இருந்தால் சகல வருத்தமும் வருமாம். ஏழு மாதப் பிள்ளையையும் கொண்டு வரட்டாம். உண்மையோ? (ஸ்கார்பரோ, கனடா)

இந்தக் கேள்விக்குள் 130 ஆண்டுச் சண்டை இருக்கிறது. 1895 செப்டம்பரில், அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் என்ற காந்த சிகிச்சைக்காரர், ஹார்வி லில்லர்ட் என்ற கட்டடத் துப்புரவாளரின் முதுகில் அழுத்தி அவருடைய காது கேளாமையைக் குணப்படுத்தியதாக அறிவித்தார். அதிலிருந்து பிறந்த கொள்கை இது: முதுகெலும்பு இடம்பெயர்ந்தால் நரம்பின் வழி ஓடும் 'உள்ளார்ந்த அறிவு' தடைப்படும், நோய்களின் வேர் அதுவே. அந்த இடப்பெயர்வுக்குக் கைரோபிராக்டிக்கில் வழங்கும் பெயர்தான் சப்ளக்சேஷன். எலும்பு மருத்துவர் ஒருவர் இதே சொல்லைச் சொன்னால், மூட்டு பாதி நழுவி எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிவதைக் குறிப்பார். சொல் ஒன்று, பொருள் வேறு.

பால்மரின் மகன் பி.ஜே. இதை இன்னும் இறுக்கினார். 1930களில் அட்லஸ் எலும்பு ஒன்றைச் சரிசெய்தாலே போதும் என்றுகூடச் சொன்னார். இந்த வழியில் நின்றவர்கள் 'ஸ்ட்ரெயிட்'. உடற்பயிற்சி, வெந்நீர் ஒத்தடம், வழக்கமான நோயறிதல் எல்லாவற்றையும் கலந்துகொண்டவர்கள் 'மிக்சர்'. திட்டுவதற்காக வைத்த பெயர். நம்மூர் மிக்சரைப்போலவே அதுவே அதிகம் விலைபோகிறது. இன்று பெரும்பாலோர் இரண்டாம் வகை. பிரிட்டனின் பதிவு அமைப்பான பொதுக் கைரோபிராக்டிக் கவுன்சில் 2010ல், சப்ளக்சேஷன் ஒரு வரலாற்றுக் கருத்து, அது நோய்க்குக் காரணம் என்பதற்கு மருத்துவ ஆய்வுச் சான்று இல்லை என்று எழுத்தில் சொல்லிவிட்டது.

ஆகவே, வலியில்லாத உங்களை வாராவாரம் அழைப்பவர் முதல் வகையைச் சேர்ந்தவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்டாரியோவில் அவர் பதிவு பெற்றவராகத்தான் இருப்பார். கல்லூரிப் படிப்பும் முறையானதே. 2004 டிசம்பர் முதல் ஓஹிப் (மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி) இதற்குப் பணம் தருவதில்லை, எனவே போவது உங்கள் காசு அல்லது வேலையிடக் காப்புறுதி. குழந்தையைக் கொண்டுபோக வேண்டாம். வயிற்றுக் குத்து, தூக்கமின்மை, காதுவலி எதற்கும் குழந்தையின் முதுகை அழுத்துவதால் பயன் என்று நம்பத்தக்க சான்று இல்லை.

கேள்வி: முடிவெட்டிய பிறகு சலூனில் தலையைப் பிடித்து இருபுறமும் சொடுக்கிவிடுவார். இருபது வருடப் பழக்கம். ஆபத்து என்கிறான் மகன். (நாகர்கோவில்)

மகன் சொல்வது சரி, காரணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டுபோகும் இரு தமனிகள், கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகள் வழியாக ஆறாவது எலும்பிலிருந்து மேலேறி, உச்சியில் அட்லஸின் பின்னால் வளைந்து மண்டைக்குள் நுழைகின்றன. தலையைத் திருப்பும் அசைவில் பாதிக்கு மேல் அந்த முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில்தான் நடக்கிறது. அங்கேதான் தமனி அதிகம் முறுக்கப்படுகிறது. மோவாயும் பின்னந்தலையும் பிடித்து முழு எல்லைவரை சுழற்றி, அண்ணாந்தும் இருக்கும் நிலையில் வெட்டி இழுத்தால் குழாயின் உட்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் இரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அரிதானது, ஆனால் வருவது பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஏற்கெனவே கிழிந்த குழாய் முதலில் கழுத்து வலியாகவும் தலைவலியாகவும்தான் தெரியும். அந்த வலிக்கு நிவாரணம் தேடித்தான் பலர் சொடுக்கப் போகிறார்கள். எனவே எது காரணம், எது விளைவு என்பதை ஆய்வாளர்களால் முழுதாகப் பிரிக்க முடியவில்லை. பயிற்சி பெற்றவர் முதலில் கேட்கும் கேள்விகள் இதற்காகவே: இதுவரை வராத மாதிரியான வலியா, தலைசுற்றல் உண்டா, பார்வை இரண்டாகத் தெரிகிறதா, பேச்சு குழறுகிறதா, விழுங்கச் சிரமமா, திடீரென்று தள்ளாடி விழுந்தீர்களா, முகம் மரத்ததா, குமட்டலா. ஒன்றுக்காவது 'ஆமாம்' என்றால் கழுத்தைத் தொடமாட்டார். சலூனில் யாரும் கேட்பதில்லை. முடிவெட்டுகிறவர் மேல் கோபம் வேண்டாம், தலை மசாஜோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

எங்கே சொடுக்கினாலும் சரி, பிறகு மேற்சொன்ன அறிகுறி வந்தால் படுத்து ஓய்வெடுக்காதீர்கள். 108. உறைவைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு.

கேள்வி: இடது கால் ஒரு செ.மீ. குட்டை என்று செருப்புக்குள் தக்கை வைக்கச் சொன்னார்கள். (திருப்பூர்)

பத்தில் ஒன்பது பேருக்குக் கால்களில் சிறு வித்தியாசம் உண்டு. சராசரி 5 மில்லிமீட்டர். சுமார் 2 செ.மீ. வரை உடம்பு தானே சமாளித்துக்கொள்கிறது.

முதலில் அது எலும்பின் குட்டையா, இடுப்பு ஏறி நிற்பதால் வந்த தோற்றமா என்று தெரியவேண்டும். குப்புறப் படுக்கவைத்துக் குதிகால்களைச் சேர்த்துப் பார்க்கும் முறையில், கொஞ்சம் கோணலாகப் படுத்தாலே அரை செ.மீ. வந்துவிடும். ஒரு பக்கத் தொடைத் தசை இறுகியிருந்தாலும், சோதிப்பவர் ஒரு காலை லேசாக அதிகம் தள்ளினாலும் அப்படியே. மல்லாந்து படுத்து, இடுப்பின் முன்பக்க எலும்பு முனையிலிருந்து உட்கணுக்கால் முனைவரை டேப் வைத்து, இரு பக்கமும் மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது இதைவிட நல்லது. அதைவிட நல்லது: வெறுங்காலில் நின்று, குட்டையான காலுக்கடியில் 5 மி.மீ. பலகைகளை ஒவ்வொன்றாக வைத்து, இடுப்பு மேல்விளிம்பு இரண்டும் மட்டமாகும்போது நிறுத்தி எண்ணுவது.

வித்தியாசம் உண்மைதான் என்றாலும் முழுவதையும் ஒரே நாளில் நிரப்பாதீர்கள். 3 மி.மீ.யில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டி, பாதி அளவில் நின்றுகொள்ளலாம். குதிகாலுக்கு மட்டும் 1 செ.மீ.க்கு மேல் வைத்தால் ஷூவிலிருந்து கால் வெளியே வழுக்கும், கெண்டைக்கால் தசையும் சுருங்கும். வலியே இல்லையென்றால் தக்கையே வேண்டாம்.

கேள்வி: எல்5–எஸ்1 ஜவ்வு (கீழ்முதுகின் கடைசி எலும்புக்கும் திரிகத்துக்கும் நடுவில் உள்ளது) பிதுங்கி இடது காலில் பாதம்வரை இழுக்கிறது. இதற்கு எந்த முறை ஏற்றது? (மதுரை)

முறுக்கி உந்துவதைவிட, ஜேம்ஸ் காக்ஸ் வடிவமைத்த வளைத்து இழுக்கும் மேசை மென்மையானது. குப்புறப் படுப்பீர்கள்; இடுப்புக்குக் கீழுள்ள பகுதி கீழ்நோக்கி இறங்கும். ஒரு கை பிதுங்கிய இடத்துக்கு மேலுள்ள முள்ளெலும்பை நிறுத்திவைக்க, மறு கை மேசையை இறக்கும். நான்கு விநாடி வீதம் ஐந்து அசைவு, அது ஒரு தொகுதி. நடுவில் ஓய்வு விட்டு மூன்று தொகுதி. தொடங்குமுன், கணுக்கால்களைக் கட்டாமல் லேசாக இறக்கிப் பார்க்கவேண்டும். அப்போதே காலில் மின்னல் அடித்தால் அன்று இழுவை கிடையாது.

கணக்கு பார்க்க எளிய வழி: பாதத்தில் இருந்த வலி முழங்காலுக்கும், அங்கிருந்து பிட்டத்துக்கும் ஏறினால் நல்லது, குறுக்கில் வலி கூடினாலும்கூட. குறுக்கு லேசாகி வலி பாதத்துக்கு இறங்கினால் நிறுத்துங்கள்.

பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினால், சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்தால், சிறுநீர் வராமல் நின்றால் அல்லது தெரியாமல் போனால், எந்த மேசைக்கும் போகாதீர்கள். அன்றே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனை. மணிக்கணக்கு முக்கியம்.

நாள்பட்ட குறுக்கு வலியில் கைச்சிகிச்சையின் இடம் என்ன என்பதை 2019ல் வந்த ஒரு தொகுப்பாய்வு 47 ஆய்வுகள், 9,211 பேரை வைத்துப் பார்த்தது. உடற்பயிற்சி போன்ற பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகளுக்கு இணையான பலன், கூடுதல் இல்லை. பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் பக்கத்துத் தெருவில் இருந்தால் கைரோபிராக்டரைத் தேடி வேறு ஊருக்குப் போகவேண்டியதில்லை.

கேள்வி: அம்மாவுக்கு 72. எலும்பு அடர்த்தி குறைவு. ஆக்டிவேட்டர் ஆவது செய்யலாமா? (தஞ்சாவூர்)

கையால் உந்துவது கூடாது. கருவியும் விலாவிலும் முதுகு நடுவிலும் வேண்டாம். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர், புற்றுநோய் வந்தவர், கழுத்தைப் பொறுத்தவரை மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் உள்ளவர் எல்லோருக்கும் இதே பதில்.

கேள்வி: இங்கே யாரை நம்பிப் போவது? பலகையில் எல்லோரும் 'டாக்டர்'தான். (சென்னை)

இந்தியாவில் கைரோபிராக்டிக்குக்கென்று தனிச் சட்டமோ பதிவுக் கவுன்சிலோ இல்லை. பிரிட்டனில் 1994 சட்டப்படி பதிவில்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. மலேசியாவில் 2016ன் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டத்தின்கீழ் வருகிறது. இங்கே நீங்களேதான் கேட்கவேண்டும். எங்கே படித்தீர்கள், எத்தனை வருடம்? உலக சுகாதார நிறுவனத்தின் 2005 வழிகாட்டி கேட்பது நான்காண்டு முழுநேரப் படிப்பு, 4,200 மணி நேரம். அதில் 1,000 மணி மேற்பார்வையில் நோயாளி பார்த்தது. வார இறுதிச் சான்றிதழோடு அதை ஒப்பிடுங்கள். பிறகு, தொடுவதற்கு முன் என்ன செய்கிறார் என்று பாருங்கள். முழங்கால் சுத்தியல், கால் கட்டைவிரல் பலம், காலை நீட்டித் தூக்குவது, தொடு உணர்ச்சி: இவ்வளவும் பத்து நிமிட வேலை. கைப்பேசி கேமராவை முதலில் பொருத்துகிறவரிடம் கழுத்தைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: சொடுக்கிய மறுநாள் உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது. (விருதுநகர்)

முதல் ஓரிரு அமர்வுக்குப் பிறகு சகஜம். 24 மணி நேரத்தில் தணியும், சிலருக்கு 48. வெந்நீர் ஒத்தடம் 15 நிமிடம், மெதுவான நடை, அன்று எடை தூக்காதிருத்தல் போதும். மூன்றாம் நாளும் குறையவில்லை அல்லது வலி புதிய இடத்துக்குப் போனது என்றால் அடுத்த அமர்வை ரத்து செய்துவிட்டுப் போன் பண்ணுங்கள். "விஷம் வெளியேறுகிறது" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.